முந்நூற்றேழாம் அறையில் பால் பொங்கியது

பாரிஸ் நகரத்தில், வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்புறம், சூட்கேஸ் விற்கும் கடைகளும் செல்போன் ரிப்பேர் கடைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தெருவில், மூன்று நட்சத்திரம் மாட்டிக்கொண்டு அதில் ஒன்றை எப்போதோ காற்றுக்குப் பறிகொடுத்துவிட்ட ஒரு சின்ன ஹோட்டலில், மூன்றாம் மாடி முந்நூற்றேழாம் அறை வீடாகிப்போனதற்கு விருதுநகர் பாத்திரக்கடைத் தங்கப்பழத்தின் மனைவி செல்லக்கனிதான் காரணம் என்பதில் அங்கே யாருக்கும் இன்றுவரை சந்தேகம் கிடையாது. செல்லக்கனிக்கும் கிடையாது. ஊர் உலகத்தில் ஹோட்டலில் அறை எடுக்கிறவர்கள் பெட்டியை ஓரமாக வைப்பார்கள், மெத்தையில் உட்கார்ந்து அமுக்கிப் பார்ப்பார்கள், குழாயில் வெந்நீர் வருகிறதா என்று விரலை நீட்டுவார்கள். அவளும் அதையெல்லாம் வரிசையாகச் செய்தாள். அதோடு விட்டிருக்கலாம். விடாமல் பால் காய்ச்சினாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீடாக இல்லாத ஓர் இடம் வேண்டும் என்றுதான் அந்த ஹோட்டலையே பிடித்திருந்தார்கள். செல்லக்கனியும் மகள் சுகந்தியும் மாதக்கணக்கில் போனில் பேசிப் பேசி உருட்டித் திரட்டிய ஏற்பாடு அது. ஏழு வருஷத்துக்கு முன்னால், பாரிஸில் வேலைக்கு வந்த சுகந்தி, ஜூலியன் என்ற பிரெஞ்சுக்காரனை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு, இருவரும் ஒரே குடைக்குள் நின்று சிரிக்கிற போட்டோவை வீட்டுக்கு அனுப்பினாள். அது வந்து சேர்ந்த நேரம் தங்கப்பழம் கடைப் பரணில் ஏறி, மகள் பிறந்த நாளிலிருந்து அவளுக்கென்று சேர்த்து வைத்த சீர்ப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். குத்துப்போணி, பால் செம்பு, இட்லிக் கொப்பரை, கரண்டி முதற்கொண்டு எல்லாவற்றிலும் 'சுகந்தி' என்று பெயர் வெட்டியிருந்தது. பரணிலிருந்து இறங்கி வந்து போட்டோவைப் பார்த்தவர், அந்தத் தூசிக் கையோடே போனை எடுத்து, "இனிமே என் வீட்டு நடை ஏறாத" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் அழுதுகொண்டே வந்து நின்றிருப்பாள், வேறு வீட்டு அப்பாவாக இருந்தால் வாசலிலேயே கரைந்திருப்பார். இவள் தங்கப்பழத்தின் மகளாகப் பிறந்து தொலைத்திருந்தாள். "ஏறாதன்னார், ஏறல" என்று விட்டாள். ஒரு தடவை சிநேகிதி கல்யாணத்துக்கு மதுரை வரைக்கும் வந்தவள், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற விருதுநகர்ப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் விமானம் ஏறிப் போனாள். அப்பாவும் மகளும் இப்படி முறுக்கிக்கொண்டு நிற்க, நடுவில் கிடந்து தவித்தது செல்லக்கனிதான். சாவதற்குள் இவர்கள் இருவரையும் ஒரு கூரைக்குக் கீழே ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிட வேண்டும், அதற்கு மேல் அவளுக்கு இந்த உலகத்தில் எந்த ஆசையும் இல்லை.

"ஹோட்டல்னா அது அப்பா வீடும் இல்ல, என் வீடும் இல்லல்லம்மா. அங்க வந்து நான் பாக்கிறேன்" என்று சுகந்தி இறங்கி வந்தாள். "ஈஃபில் டவர் பாக்கிறதுக்குத்தான் வாரேன், வேற எதுக்கும் இல்ல" என்று தங்கப்பழமும் இறங்கி வந்தார். அப்படித்தான் பிப்ரவரி மாதக் குளிரில் தங்கப்பழமும் செல்லக்கனியும் பாரிஸில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு ஜூலியன் கார் கொண்டு வந்திருந்தான். தங்கப்பழம் முன் சீட்டில் உட்கார்ந்து, "ரோடு நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். பின் சீட்டிலிருந்து சுகந்தி, "டோல் ரோடும்மா அது" என்று அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னாள். ஏழு வருஷத்துக்கு அப்புறம் இவ்வளவு பேச்சு நடந்ததே செல்லக்கனிக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஹோட்டல் லிஃப்டில் ஓர் ஆளும் ஒரு பெட்டியும்தான் கொள்ளும் என்பதால், தவணை முறையில் மேலே போனார்கள். அறையில் கட்டில் இருந்தது, கட்டிலைச் சுற்றிப் பக்கவாட்டில் நடக்க ஓர் ஓடை போல இடம் இருந்தது, மேசையில் வெந்நீர் கெட்டிலும் இரண்டு கோப்பையும் இருந்தன. "குளிச்சு ரெடியா இருங்கம்மா, அவர் வண்டிய நிறுத்த எடம் தேடணும், நான் பழம் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு சுகந்தி போனாள். செல்லக்கனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். சுவரில் ஒரு சாமி படம் இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ வாடகை வீடுகளுக்குக் குடிபோனவள் அவள். புறாக்கூண்டு மாதிரி இருந்த வீட்டில்கூடப் பால் காய்ச்சாமல் ஒரு நாளும் தலை சாய்த்ததில்லை. மகள் வந்து உட்காரப் போகிற இடம் இப்படி மொட்டையாக இருக்கலாமா என்று நினைத்தாளே தவிர, வேறு ஒன்றும் அவள் நினைக்கவில்லை. எழுந்து கீழே போனாள்.

கீழே காலைச் சாப்பாட்டு அறையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தவள் தவமலர். யாழ்ப்பாணத்துக்காரி, அந்த ஹோட்டலில் காலையில் ரொட்டி வைப்பது, மத்தியானம் அறை கூட்டுவது, இடையில் ஹோட்டல் முதலாளியம்மா மதாமுக்கு உலக நடப்பு சொல்வது எல்லாம் அவள் வேலை. பால் கேட்ட செல்லக்கனியைப் பார்த்து, "ஓம் அக்கா, கிடக்கு. கோப்பிக்கோ?" என்றாள்.

"இல்லம்மா, காய்ச்சணும். புதுசாக் குடி வந்திருக்கோம்ல."

"ஹோட்டலுக்கோ!" என்று தவமலர் சிரித்தாள். சிரித்தாளே தவிர, தான் இந்த ஊருக்கு வந்த புதிதில், சுவரோடு சுவராக ஆட்கள் படுத்துக் கிடந்த ஓர் அறையில், இரவல் சட்டியில் பால் காய்ச்சியது ஞாபகம் வந்துவிட்டது. ஜக்கு நிறைய ஊற்றிக் கொடுத்தாள், ஒரு கை சர்க்கரைப் பொட்டலமும் அள்ளிக் கொடுத்தாள்.

"ஏங்க, கிழக்கு எது?" என்று செல்லக்கனி கேட்க, தங்கப்பழம் வெளியே பார்த்தார். சூரியன் அந்த ஊரில் இருப்பதாகவே தெரியவில்லை. போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஜன்னல் பக்கம் கை காட்டினார். கெட்டில் கொதி வந்ததும் தானே அணைந்துவிடுகிற ஜாதி. செல்லக்கனி பொத்தானை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். பால் ஏறியது, மூடியைத் தள்ளியது, மூக்கு வழியாக நுரை தள்ளிக்கொண்டு கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. பக்கத்து அறைக்காரர்களுக்குக் கேட்காத மாதிரி அவள் சின்னதாக ஒரு குலவை போட்டாள், பையிலிருந்த குங்குமத்தைக் கதவு நிலையின் இரண்டு பக்கமும் வைத்தாள், சர்க்கரை போட்டு ஒரு கோப்பையைப் புருஷனிடம் நீட்டினாள். "சக்கரை சாஸ்தி" என்றார் அவர். வீட்டில் காலையும் மாலையும் சொல்வதுதான். அதைச் சொல்லிவிட்டுக் கை கழுவக் குளியலறைக் கதவைத் திறந்தவர், அங்கே ஒரு கூடம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "பாத்ரூம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

பாத்ரூம் கொல்லைக்குப் போயிருந்தது. வீடென்றால் அங்கேதானே இருக்கும். கூடத்தைத் தாண்டினால் இரண்டாம் கட்டு, அதைத் தாண்டினால் சமையலறை, அதைத் தாண்டினால் அந்த மூன்றாம் மாடியில் சிமென்ட் தரை போட்ட ஒரு கொல்லை, அதில் ஒரு துவைக்கிற கல், இரண்டு கொடிக்கயிறு, காய்த்துத் தொங்கும் ஒரு பப்பாளி மரம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணைக் கூச வைக்கும் விருதுநகர் வெயில். தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் பாரிஸ் மழை தூறிக்கொண்டிருந்தது. சமையலறை அலமாரியில் சீர்ப் பாத்திரங்கள் அத்தனையும் கவிழ்த்து அடுக்கியிருந்தன. செல்லக்கனி ஒரு செம்பை எடுத்து வெட்டியிருந்த பெயரைப் பார்த்தாள், புருஷனிடம் நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "பேர் வெட்டுன சரக்கு. வேற யாருக்கு விக்க முடியும்" என்று முணுமுணுத்துவிட்டு, பெயர் சுவர்ப் பக்கம் போகிற மாதிரித் திருப்பி வைத்தார்.

அப்போதுதான் திராட்சைப் பொட்டலத்தோடு சுகந்தி வந்தாள். ஹோட்டல் கதவு இருந்த இடத்தில் மர நிலை, நிலைக்குக் கீழே தேய்ந்த கல் படி, நிலையில் ஈரக் குங்குமம், உள்ளேயிருந்து காய்ச்சின பால் வாசனை. தூக்கின வலது காலை அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, என்ன பண்ணி வச்சிருக்க?"

"பால் காய்ச்சுனேன்டீ. சும்மா ஒரு இதுக்கு."

"இது இப்ப அப்பா வீடாயிருச்சும்மா."

செல்லக்கனிக்கு அந்த நிமிஷம்தான் தலையில் இடி இறங்கியது. ஏழு வருஷம் கழித்து, யாருடைய வீடும் இல்லாத ஓர் இடத்தை அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்து வந்து, வந்த முதல் மணி நேரத்திலேயே அதைத் தன் கையால் வீடாக்கிவிட்டாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை, 'வா' என்று சொன்னால் போதும். தங்கப்பழம் பப்பாளி மரத்தை ஆராய்ச்சி பண்ணுகிறவர் போலக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஹோட்டல்காரர்களுக்கு இந்த விஷயம் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. நடத்துகிறவள் மதாம் ஒதெத் என்று ஒரு அம்மாள், கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருப்பவள், மாடியேறி வந்து கூடத்தைப் பார்த்தாள், இரண்டாம் கட்டைப் பார்த்தாள், கொல்லையில் போய் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். "காலமைச் சாப்பாடு கீழ வந்து சாப்பிடுவியளோ, இல்லாட்டி நீங்களே சமைப்பியளோ எண்டு கேக்கிறா" என்று தவமலர் சொன்னாள். அவ்வளவுதான் விசாரணை. தவமலருக்கு மட்டும் ஒரு நியாயமான கவலை இருந்தது. ஓர் அறை கூட்டுகிற நேரத்தில் ஒரு வீட்டை எப்படிக் கூட்டுவது? செல்லக்கனி அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, "எங்க வீட்ட நான் கூட்டிக்கிடுவேன், நீ உக்காந்து காபி குடி" என்றாள். அன்றிலிருந்து தவமலருக்குத் தினமும் கால் மணி நேரம் மிச்சமாயிற்று, அந்தக் கால் மணி நேரத்தை அவள் அங்கேயே உட்கார்ந்து செலவழித்தாள்.

மறுநாள் மதாம் ஒதெத் யோசித்துப் பார்த்து, ஹோட்டல் துண்டுகளை வெளியே சலவைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு முந்நூற்றேழின் கொல்லைக்கு அனுப்பினாள். வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று வந்த துண்டில் முகம் துடைத்த விருந்தாளிகள், இது எங்கே காய்ந்தது என்று விசாரித்துக்கொண்டு மாடியேறி வந்தார்கள். முந்நூற்றிரண்டில் இருந்த ஜெர்மன் தம்பதி, நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து பப்பாளிக்குக் கீழே கையைக் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு வாரத்தில் நன்றாகக் கறுத்தார்கள். தோல் சாமான் விற்க வந்த மொராக்கோ வியாபாரி மழையில் நனைந்த பைகளைக் கொடியில் காயப் போட்டார். செல்லக்கனி இடம் கிடைத்த சந்தோஷத்தில் வேட்டியை விரித்துக் கூழ்வடகம் பிழிந்தாள், காக்காய் விரட்டும் வேலையை ஜெர்மன்காரர் ஏற்றுக்கொண்டு மிகுந்த பொறுப்போடு செய்தார். பாரிஸில் காக்காய் உண்டா என்று கேட்டால், கொல்லை இருந்தால் காக்காய் வரும், அது எந்த ஊராக இருந்தால் என்ன.

இப்படி வந்தவர் போனவர் அத்தனை பேரையும் கூடத்தில் உட்கார்ந்து வரவேற்றவர் தங்கப்பழம். நாற்பது வருஷம் கடையில் உட்கார்ந்த வாய் அது. நிலைப்படியில் நிழல் தட்டினாலே, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று தானாகச் சொல்லும். மதாமை வாங்க என்றார், மொராக்கோக்காரரை வாங்க என்றார், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவரை வாங்க என்றார், மாடி தவறி வந்து கதவைத் தட்டிய ஒரு சீனாக்காரரைக்கூட வாங்க என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். ஜூலியன் வந்தபோதும் வாய் முந்திக்கொண்டு, "வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, அதற்குள் ஜூலியன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து மூன்றாவது தோசையில் இருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன், நல்ல பசிக்காரன், எதைப் போட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தான். தங்கப்பழத்துக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பிடித்துவிட்டதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

சுகந்தி மட்டும் வெளியே இருந்தாள். தினமும் சாயங்காலம் வேலை விட்டு நேராக வந்து, தவமலர் போட்டுக் கொடுத்த நாற்காலியில், கதவுக்கு எதிரே, நடைபாதைக் கம்பளத்தின் மேல் உட்கார்ந்துகொள்வாள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டிக்கொண்டிருப்பாள். போகிற வருகிறவர்கள் அவள் காலைத் தாண்டிப் போனார்கள், பழகின பிறகு அவளிடம் நின்று நலம் விசாரித்தார்கள். "வெளிய எங்கயாச்சும் காபிக் கடையில அப்பாவக் கூட்டிட்டு வாரேன், அங்க வச்சுப் பேசுடீ" என்று செல்லக்கனி கெஞ்சிப் பார்த்தாள்.

"முதல்ல அப்படித்தாம்மா நெனச்சேன். இப்ப முடியாது. ஊர்ல போறவன் வர்றவன் எல்லாரையும் வாங்க வாங்கங்கிறார். நான் அவர் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கேன். அவரா என்னைக் கூப்பிடட்டும். இந்த வாசல்ல, எனக்குன்னு தனியா."

உள்ளே வந்து, "ஒரு வார்த்த கூப்பிட்டா வாயில இருக்கிற முத்து உதிந்துருமா?" என்று செல்லக்கனி புருஷனைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் என்ன வராதன்னா சொன்னேன்?"

"ஏறாதன்னு சொன்னீகளே!"

"அது அன்னைக்கு" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உண்மையில் அவர் சொல்லத்தான் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்து கதவு வழியாக மகள் தலை தெரியும்போதெல்லாம், வார்த்தை நெஞ்சுவரைக்கும் வந்து நின்றதைச் செல்லக்கனி பார்த்தாள். கூப்பிட்டு அவள் வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவருக்கு. வெளியே சொல்ல மாட்டார், கோபம் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா என்ன.

அதிலும் பெரிய கொடுமை, நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு எதையும் கொடுத்து வாங்கக் கூடாது என்று வளர்ந்தவள் செல்லக்கனி. காபி கொடுக்க வேண்டுமென்றால் டம்ளரோடு படி தாண்டி வெளியே போக வேண்டும், டம்ளரை வாங்க மறுபடி போக வேண்டும், தோசை ஒவ்வொன்றுக்கும் போய்ப் போய் வர வேண்டும். மகளை ஊட்டி வளர்த்த காலத்தில்கூட அவள் இவ்வளவு நடக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே சாப்பாடு போட ஆசைப்பட்டவளுக்கு, பாதிக் குடும்பத்துக்குக் கூடத்திலும் பாதிக் குடும்பத்துக்கு நடைபாதையிலும் பரிமாறும்படி ஆயிற்று. ஒரு நாள் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஜெர்மன் அம்மாள் மொழி தெரியாமலே பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஈஃபில் டவரைத் தங்கப்பழம் பார்க்கவே இல்லை. கேட்டால், "வெளிய குளிரு, இங்கதான் வெயில் இருக்கே" என்றார். நாட்கள் ஓடிப் போயின. ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மதாம் ஒதெத் வந்து கூடத்தில் உட்கார்ந்து வடகம் கடித்துக்கொண்டே தொழில் விஷயமாக ஒன்று கேட்டாள். தவமலர் மொழிபெயர்த்தாள்.

"அண்ணை, அடுத்த கிழமை ஒரு பல் டொக்டர் இந்த அறைக்கு வாறாராம். அறையா இருந்தாக் குடுக்கலாம். வீடெண்டபடியா மதாமுக்கு ஒண்டும் விளங்கேல்ல. நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போறியளோ? பூட்டினால் திறப்பை ஆரிட்டக் குடுக்கப் போறியள்?"

  தங்கப்பழம் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரங்களைத் திருப்பும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. செல்லக்கனி எட்டிப் பார்க்கவில்லை.

கிளம்புகிற நாள் காலையில் விமான நிலையம் போக ஜூலியன் காரோடு வந்துவிட்டான். சுகந்தி இன்னும் மேலே வரவில்லை. அவள் நாற்காலி நடைபாதையில் காலியாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த தங்கப்பழம், கூடத்திலிருந்து எழுந்து, நிலைப்படி தாண்டி வெளியே வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்துதான் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரிந்தது. உள்ளே யாரோ சொன்னதற்கு ஜெர்மன்காரர் சிரிப்பது கேட்டது, தோசை வாசனை வந்தது, வெயிலின் ஒரு கீற்று நிலைப்படி வரைக்கும் வந்து அதற்கு மேல் வராமல் நின்றது. மொராக்கோ வியாபாரி அவர் காலைத் தாண்டி உள்ளே போனார்.  இங்கேயா என் பிள்ளை இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது என்று அவர் வாய்விட்டே சொன்னதைத் தவமலர் கேட்டிருக்கிறாள்.

"ஏங்க, நேரமாச்சு, உள்ள வந்து பெட்டிய எடுங்க" என்று செல்லக்கனி கூப்பிட்டாள். அவர் அசையவில்லை.

லிஃப்ட் கதவு திறந்து சுகந்தி வந்தாள். தன் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். செல்லக்கனி நிலைக்கு உள்ளே நின்றுகொண்டு மூச்சைப் பிடித்தாள். அவள் பின்னால் மதாம், ஜூலியன், ஜெர்மன் தம்பதி எல்லோரும் அவரவர் சோலியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

தங்கப்பழம் தலையைத் தூக்காமல் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாப்பா. உள்ள போய்ப் பாரு."

பாப்பா என்று அவர் கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. சுகந்தி ஓர் அடி முன்னால் வந்தாள். ஆனாலும் விடவில்லை. "உங்க வீட்டு நடை ஏற மாட்டேன்."

"என் வீடு இல்ல அது. சட்டி பானை எல்லாத்துலயும் உன் பேருதான் வெட்டியிருக்கு. வந்த அன்னைக்கே பாத்தேன். தெரியாத மாதிரி திருப்பித் திருப்பி வச்சேன். முந்தாநேத்து எல்லாத்தையும் நேராக்கிட்டேன், போய்ப் பாரு. என் வீட்டு நடையத்தான் ஏறாதன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன நாளா அது என்னையத்தான் அறுக்கு. உன் வீட்டு நடைய நீ ஏறுறதுக்கு எவன்ட்டக் கேக்கணும்?"

சுகந்தி அழுதுகொண்டே சிரித்தாள். "அப்ப நீங்க ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க?"

"கூப்பிடாத வீட்டுக்குள்ள எப்பிடிப் போறது?" என்றார் தங்கப்பழம்.

அவள் செருப்பைக் கழற்றினாள். வலது காலைத் தூக்கினாள், பின்னால் எடுக்கவில்லை. நிலைப்படி தாண்டி உள்ளே போய், கூடம் தாண்டி, இரண்டாம் கட்டுத் தாண்டி, சமையலறையில் தன் பெயர் வெட்டிய பால் செம்பை எடுத்தாள். செல்லக்கனி எதிலும் கை வைக்கவில்லை. அடுப்பு எது, தீப்பெட்டி எது என்றுகூடச் சொல்லித் தரவில்லை, ஓரமாக நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பால் ஏறி, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. செல்லக்கனிக்குக் குலவை வரவில்லை, முந்தானையை வாயிலிருந்து எடுத்தால்தானே. அவளுக்குப் பதில் தவமலர் போட்டாள். அவள் ஊரில் அந்த வழக்கமில்லை. இத்தனை நாளில் செல்லக்கனியிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. கீழ்த் தெருவில் சூட்கேஸ் விற்கிறவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள்.

சுகந்தி வாசலுக்கு வந்தாள். நிலையில் கை வைத்து நின்றாள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டே வாழ்ந்துவிட்ட அந்த மனுஷன், கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கப்பா" என்றாள். "உள்ள வாங்க."

தங்கப்பழம் எழுந்தார். புது வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தலை இடிக்காத நிலைக்குத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். கூடத்தில் உட்காரப் போனவர் நின்று, எங்கே உட்காரட்டும் என்று மகளைக் கண்ணால் கேட்டார். அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் பால் கொடுத்தாள், மதாமுக்கு, மாப்பிள்ளைக்கு, ஜெர்மன்காரருக்கு, மொராக்கோக்காரருக்கு, தவமலருக்கு. ஒரே கூரைக்குக் கீழே அத்தனை பேரும் உட்கார்ந்து குடித்தார்கள். செல்லக்கனி ஒருத்தியைத்தான் உட்கார வைக்க முடியவில்லை, தோசைக்கல்லைப் போடப் போய்விட்டாள். அவர்கள் ஏற வேண்டிய விமானம் அதுபாட்டுக்கு மேலே பறந்து போனது, அதை யாரும் கவனிக்கவில்லை.

தங்கப்பழம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"சக்கரை சாஸ்தி" என்றார்.

"என் வீட்ல இப்பிடித்தாம்ப்பா" என்றாள் சுகந்தி.

அவர் மறுபேச்சுப் பேசாமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.